எழுதப் படிக்கத் தெரிந்தவர் : இந்தியாவில் ஆண் பெண் எழுத்தறிவு வேறுபாட்டின் வரலாறும் வரையறையும்

1. முன்னுரை

கல்வி பெற்ற ஒருவரை ‘எழுதப் படிக்கத் தெரிந்தவர்’ என்று சுட்டுவது தமிழ் வழக்கு. மலையாளத்தில் ‘எழுத்தும் வாயனையும்’ என்பர். வங்கமொழியில் ‘எழுத்து - படிப்பு’ எனப் பொருள்படும் ‘லேகாபடா’ என்னும் கூட்டுச்சொல்லே கல்வியைக் குறிக்கும். இந்தியில் கற்றவர் ‘படா-லிக்கா’ (படித்தவர் - எழுதியவர்) எனப்படுவார். சொற்கள் நிற்கும் முறை மொழிக்கு மொழி மாறினும், எழுதுதல், படித்தல் ஆகிய இரண்டையும் பிரிக்காமல் ஒரு தொடராக வழங்குவது இம்மொழிகளுக்குப் பொதுவாக உள்ளது.

தமிழில் கல்லாதவரைக் குறிக்கும் ‘தற்குறி’ என்ற சொல்லும் ஈண்டு நோக்கத்தக்கது. கையெழுத்திடத் தெரியாதவர் ஆவணத்தில் இடும் அடையாளமே முதலில் தற்குறி எனப்பட்டது. பின்னர் அச்சொல் அடையாளத்தை இட்ட ஆளுக்கே பெயராயிற்று. காலப்போக்கில் வசைச்சொல்லாகவும் ஆயிற்று. ‘கைநாட்டு’ என்ற பேச்சுவழக்குச் சொல்லின் வரலாறும் இத்தகையதே. இவ்விரு சொற்களும் எழுத இயலாமையையே அடிப்படையாகக் கொண்டு பிறந்தவை. ஆவணத்தைப் படிக்கத் தெரிந்து, எழுத மட்டும் தெரியாத ஒருவருக்கு வழக்கில் தனிப்பெயர் அமையவில்லை.

இந்தியாவில் ஆண் பெண் கல்வி அடைவில் உள்ள வேறுபாடு ஏறத்தாழ இரு நூறு ஆண்டுகளாக எண்களால் அளக்கப்பட்டு வருகிறது. அவ்வெண்கள் எந்தத் திறனை அளந்தன, எதனை அளக்காமல் விட்டன, அதனால் பெண்களின் கல்வி வரலாறு எவ்வாறு பதிவாயிற்று என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மன்றோவின் கணக்கு

சென்னை மாகாண ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் மாவட்ட ஆட்சியர்களிடமிருந்து பள்ளிகள் பற்றிய விவரங்களைக் கோரினார். அவை தொகுக்கப்பெற்றபின் 1826 மார்ச் 10-இல் அவர் எழுதிய குறிப்பு, இந்தியக் கல்வி வரலாற்றில் அடிக்கடி எடுத்தாளப்படும் ஆவணமாகும். மாகாணத்தின் மக்கள்தொகை 1,28,50,941. பள்ளிகள் 12,498. மாணாக்கர் 1,88,650. அதாவது, மக்கள்தொகையில் ஏறத்தாழ 67 பேருக்கு ஒருவர் பள்ளியில் பயின்றனர்.

இவ்விகிதம் ஆண்களின் கல்வி நிலையைச் சரிவரக் காட்டவில்லை என்று மன்றோ கருதினார். ஆகவே அவர் மக்கள்தொகையில் பாதியைப் பெண்கள் எனக் கழித்தார். எஞ்சிய ஆண்களில் ஒன்பதில் ஒரு பங்கினரை ஐந்து முதல் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர் எனக் கொண்டார். அத்தொகை 7,13,000. அவர்களுள் பள்ளி சென்றோர் 1,84,110 பேர். இது நான்கில் ஒரு பங்கினும் சற்று மிகுதி. வீட்டில் பயில்வோரையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்பது அவர் முடிவு.

கணக்கு முறை என்ற அளவில் இதில் பிழையில்லை. எனினும் இக்கழித்தலின் மறுபக்கமும் நோக்கப்பட வேண்டும். மொத்த மாணாக்கரிலிருந்து சிறுவரைக் கழித்தால் எஞ்சுவோர் 4,540 சிறுமியர். அதே வயதுச் சிறுமியரும் 7,13,000 பேர் எனக் கொண்டால், 157 பேருக்கு ஒருத்தி பள்ளியில் இருந்தாள். சிறுவருள் நால்வருக்கு ஒருவர், சிறுமியருள் 157 பேருக்கு ஒருத்தி என்ற இவ்விரு விகிதங்களும் ஒரே தரவிலிருந்து கிடைப்பவை. முதல் விகிதம் மட்டுமே குறிப்பில் இடம்பெற்றுப் பிற்காலத்தில் புகழ் பெற்றது.

மாவட்டந்தோறும் நிலைமை ஒருபடித்தாக இருக்கவில்லை. மலபார் மாவட்டத்தில் இசுலாமியச் சிறுவர் 3,196 பேரும் சிறுமியர் 1,122 பேரும் பள்ளிகளில் இருந்தனர். மூன்று சிறுவருக்கு ஒரு சிறுமி என்ற இவ்விகிதம் மாகாணத்தின் பெரும்பாலான பகுதிகளில் காணப்படாதது. ஓதுதலை மையமாகக் கொண்ட ஓத்துப்பள்ளி மரபு அங்கு வேரூன்றியிருந்தமை இதற்கு ஒரு காரணமாகலாம். படித்தலுக்கு முதன்மை தரும் கல்வியில் பெண்களுக்கு இடம் கிடைப்பது ஒப்பீட்டளவில் எளிது என்பதற்கு இது ஒரு குறிப்பாக அமைகிறது.

3. படித்தலும் எழுதுதலும்

திண்ணைப் பள்ளிகளில் கல்வி மணலில் எழுதுவதில் தொடங்கியது. விரலால் எழுத்தை வரைந்து, அதன் ஒலியை உரக்கச் சொல்லிப் பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. ஆகவே பள்ளி சென்ற சிறுவனுக்கு எழுதுதலும் படித்தலும் உடன்பிறந்த திறன்களாக அமைந்தன. கணக்கு, கடிதம், பத்திரம் ஆகியவற்றை எழுதுவதே அக்கல்வியின் உலகியல் பயன்.

பள்ளி செல்லாத பெண்களுக்கு எழுத்து வந்து சேர்ந்த வழி வேறு. இதனை விளக்க ராசசுந்தரி தேவியின் வாழ்க்கை சிறந்த சான்றாகும். வங்காளத்தின் பாப்னா பகுதியில் 1810-ஐ ஒட்டிப் பிறந்த இவர், பன்னிரண்டு வயதில் மணம் முடிக்கப்பட்டுப் பெரிய குடும்பம் ஒன்றின் பொறுப்பை ஏற்றவர். வங்கமொழியின் முதல் தன்வரலாறாகக் கருதப்படும் ‘ஆமார் ஜீபன்’ (என் வாழ்க்கை) என்னும் நூல் இவர் எழுதியது.

சிறுமியாயிருந்தபோது தம் வீட்டில் நடந்த பள்ளியில் சிறுவர்கள் எழுத்துகளைச் சொல்லக் கேட்டிருந்தார் என்பதொழிய இவருக்கு முறையான கல்வி இல்லை. மணமான பின், வீட்டிலிருந்த ‘சைதன்ய பாகவதம்’ சுவடியைப் படிக்க வேண்டும் என்ற வேட்கை இவரை ஆட்கொண்டது. அச்சுவடியின் ஏடு ஒன்றை எடுத்துச் சமையலறையில் மறைத்து வைத்தார். மகன் எழுதிப் பழகிய ஓலையையும் அவ்வாறே எடுத்து வைத்துக்கொண்டார். ஓலையில் உள்ள எழுத்தை ஏட்டில் உள்ள எழுத்தோடும், அவ்விரண்டையும் இளமையில் காதால் கேட்ட ஒலியோடும் ஒப்பிட்டு, அடுப்பு வேலைக்கிடையே எவரும் அறியாமல் படிக்கக் கற்றார்.

ஆனால் அப்போது அவருக்கு எழுதத் தெரியாது. எழுதுவதற்குத் தாள், மை, எழுதுகோல், தனித்த இடம், ஓய்வு ஆகிய அனைத்தும் வேண்டும். படிப்பதை மறைக்கலாம், எழுதுவதை மறைப்பது கடினம். பல ஆண்டுகள் கழித்து, வெளியூரில் இருந்த மகன் தன் கடிதங்களுக்கு மறுமொழி வரவில்லை எனக் குறைப்பட்டு எழுதுபொருள்களை வாங்கித் தந்த பின்னரே அவர் எழுதக் கற்றார். இடைப்பட்ட காலமெல்லாம் பதினாறாம் நூற்றாண்டுச் செய்யுள் நூலொன்றைத் தாமே படித்துப் பொருள் உணர்ந்த ஒருவர், எழுதத் தெரியாதவராகவே வாழ்ந்தார்.

இம்மறைவுக்குச் சமூகக் காரணம் இருந்தது. வங்காளம், பீகார் பகுதிகளின் கல்விநிலை குறித்து 1835 முதல் 1838 வரை மூன்று அறிக்கைகள் அளித்த வில்லியம் ஆடம், எழுதப் படிக்கக் கற்ற பெண் மணமான சிறிது காலத்தில் கைம்மை அடைவாள் என்ற நம்பிக்கை குடும்பங்களில் நிலவியதைப் பதிவு செய்துள்ளார். அதே ஆடம் வயதுவந்தோரின் கல்வியை அளந்த முறையும் குறிப்பிடத்தக்கது. கற்றவர், கல்லாதவர் என ஒரே கோட்டால் அவர் பிரிக்கவில்லை. உயர்கல்வி பெற்றோர் முதல், எழுத்துக்கூட்டவோ தம் பெயரை எழுதவோ மட்டும் அறிந்தோர் வரை பல படிகளாக வகுத்தார். அவ்வகைப்பாட்டில் அரைகுறை அறிவுக்கும் ஓர் இடம் இருந்தது.

4. குடிக்கணக்கின் வரையறை

பிற்கால மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் இப்படிநிலைகளைக் கைவிட்டன. 1881, 1891 ஆகிய ஆண்டுகளில் மக்கள் கற்போர், கற்றோர், கல்லாதோர் என மூவகையாகப் பிரிக்கப்பட்டனர். 1901-இல் கற்போர் என்ற வகை நீக்கப்பட்டு, ஏதேனும் ஒரு மொழியில் எழுதவும் படிக்கவும் அறிந்தவர் மட்டுமே எழுத்தறிவுடையவர் எனக் கொள்ளப்பட்டனர். 1911-இல் இவ்வரையறை மேலும் தெளிவாக்கப்பட்டது: நண்பருக்கு ஒரு கடிதம் எழுதவும், அவர் அனுப்பும் மறுமொழியைப் படிக்கவும் இயல வேண்டும்.

இக்கடிதச் சோதனை நிருவாக நோக்கில் பயனுடையது. பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவரையும் பாராயணம் மட்டும் செய்பவரையும் விலக்கி, நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோலை அது தந்தது. ஆயினும், சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட செயல் ஆண் பெண் இருபாலார்க்கும் ஒப்பப் பொருந்துவதன்று. வணிகம், வழக்கு, அரசுப்பணி காரணமாக வெளியூரில் நண்பர் உடையவர் ஆண். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இடையே வாழ்ந்த பெண்ணின் செய்தியை வாய்மொழியாகவோ பிறர் கையெழுத்தாகவோ அனுப்புவதே வழக்கம். கடிதம் எழுதும் தேவை நேரும் வரை ராசசுந்தரி தேவியின் நிலையும் இதுவே. இச்சோதனையை அவருடைய நடுவயதில் வைத்திருந்தால், அவர் கல்லாதோர் பட்டியலில்தான் சேர்க்கப்பட்டிருப்பார்.

1901-ஆம் ஆண்டு அட்டவணையில் ஆங்கிலம் அறிந்தவரா, அறியாதவரா என்பதற்குத் தனிக்கட்டம் இருந்தது. படிக்க மட்டும் அறிந்தவர் என்பதற்குக் கட்டம் இல்லை. எதனை அறிய அரசு விரும்பியது என்பதை இக்கட்டங்களின் அமைப்பே காட்டுகிறது.

வினாவுக்கு விடை கூறியவர் யார் என்பதும் கருதத்தக்கது. கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் குடும்பத் தலைவரிடமே விவரம் பெற்றார். பெண் படித்தவள் என்று வெளியாருக்குச் சொல்லக் குடும்பத்தார் தயங்கினர். கைம்மை பற்றிய நம்பிக்கை நிலவிய இடங்களில் இத்தயக்கம் வியப்புக்குரியதன்று. மறைவாகக் கற்ற பெண்ணைப் பற்றிக் குடும்பத் தலைவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம்.

எழுதுதலையும் படித்தலையும் பிரித்து நோக்கும்போது வேறுபாட்டின் தோற்றம் மாறும் என்பதற்கு ஐரோப்பாவிலும் சான்று உண்டு. சுவீடன் நாட்டில் 1686-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் விளைவாகச் சமயநூல் படித்தல் இருபாலார்க்கும் கடமையாயிற்று. குருமார் வீடுதோறும் சோதித்துப் பதிவேட்டில் குறித்தனர். எழுத்துப்பயிற்சி பரவலானது 1842-இல் மக்கள் பள்ளிகள் சட்டமாக்கப்பட்ட பின்னரே. படித்தலை மட்டும் அளந்த அப்பதிவேடுகளில் பெண்கள் ஆண்களுக்கு ஏறக்குறைய நிகராகக் காணப்படுகின்றனர். எழுதுதலை அளந்திருந்தால் அந்நிகர்மை தோன்றியிராது.

இந்தியாவில் அத்தகைய நிகர்மை மறைந்திருந்தது என்று இதிலிருந்து முடிவு செய்தல் பொருந்தாது. படிக்க மட்டும் அறிந்த பெண்கள் அனைவரையும் சேர்த்தாலும் இடைவெளி பேரளவினதாகவே இருந்திருக்கும். பள்ளிக் கதவு அடைபட்டிருந்தது என்பதே அடிப்படை உண்மை. வரையறையின் விளைவு என்னவெனில், அடைபட்ட கதவுக்கு வெளியே பெண்கள் தாமே தேடிக்கொண்ட அறிவும் கணக்கில் இல்லாமற்போயிற்று.

5. எண்கள் கூறும் இருவேறு கதைகள்

கணக்கெடுப்பு வெளியீடுகள் தரும் எழுத்தறிவு வீதங்கள் (விழுக்காட்டில்) வருமாறு. இடைவெளியும் மடங்கும் அவற்றிலிருந்து கணிக்கப்பட்டவை.

1901 : ஆண் 9.83, பெண் 0.60, இடைவெளி 9.23, மடங்கு 16.4
1951 : ஆண் 27.16, பெண் 8.86; இடைவெளி 18.30, மடங்கு 3.1
1961 : ஆண் 40.40; பெண் 15.35, இடைவெளி 25.05, மடங்கு 2.6
1971 : ஆண் 45.96, பெண் 21.97, இடைவெளி 23.99, மடங்கு 2.1
1981 : ஆண் 56.38, பெண் 29.76; இடைவெளி 26.62, மடங்கு 1.9
1991 : ஆண் 64.13, பெண் 39.29, இடைவெளி 24.84, மடங்கு 1.6
2001 : ஆண் 75.26, பெண் 53.67, இடைவெளி 21.59, மடங்கு 1.4
2011 : ஆண் 80.9, பெண் 64.6, இடைவெளி 16.3, மடங்கு 1.3

1951 முதல் 1971 வரையிலான வீதங்கள் ஐந்து வயதுக்கு மேற்பட்டோருக்கும், 1981 முதலானவை ஏழு வயதுக்கு மேற்பட்டோருக்கும் உரியவை. ஆதலின் இவற்றை நுணுக்கமாக ஒப்பிடுதல் இயலாது, போக்கினை அறியலாம்.

இடைவெளியை நோக்கினால், 1901-க்கும் 1981-க்கும் இடையே ஆண் பெண் வேறுபாடு ஏறத்தாழ மூன்று மடங்கு பெருகியது என்று கூற நேரும். மடங்கை நோக்கினால், அதே எண்பது ஆண்டுகளில் வேறுபாடு பதினாறு மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்கும் கீழாகக் குறைந்தது என்று கூற நேரும். இரண்டும் உண்மை. விடுதலைக்குப் பின் திறந்த பள்ளிகளின் பயன் முதலில் சிறுவர்க்கே மிகுதியாகச் சென்றது என்பதை இடைவெளி காட்டுகிறது. தொடக்க நிலை மிகத் தாழ்வாக இருந்தமையால் பெண்களின் வளர்ச்சி வீதம் விரைவாயிருந்தது என்பதை மடங்கு காட்டுகிறது. ஓர் ஆட்சியைப் புகழவோ பழிக்கவோ எண்களை எடுத்தாள்வோர் இவற்றுள் ஒன்றை மட்டும் காட்டுவது வழக்கமாக உள்ளது.

இடைவெளி தொடர்ந்து சுருங்கத் தொடங்கியது 1981-க்குப் பின்னரே. 1991-2001 பத்தாண்டில் ஆண்களின் வீதம் 11.13 புள்ளிகளும் பெண்களின் வீதம் 14.38 புள்ளிகளும் உயர்ந்தன. 1988-இல் தொடங்கப்பட்ட தேசிய எழுத்தறிவு இயக்கமும், 1990-இல் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டமையும், அதனைத் தொடர்ந்து புதுக்கோட்டை முதலிய மாவட்டங்களில் நடைபெற்ற அறிவொளி இயக்கமும் இக்காலத்தன. புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். கற்போராகவும் கற்பிக்கும் தொண்டர்களாகவும் பெண்களே மிகுதியாக வந்தமை இவ்வியக்கத்தின் தனிச்சிறப்பு.

6. பாடத்திட்டத்தில் வேறுபாடு

வேறுபாடு பள்ளிக்கு வெளியே மட்டும் தோன்றியதன்று, பள்ளிக்குள்ளும் அமைக்கப்பட்டது. 1882-இல் அமைந்த ஹண்டர் கல்விக்குழு, தொடக்கநிலைப் பெண் பள்ளிகளின் பாடத்தரம் ஆண் பள்ளிகளினும் எளிதாகவும் இல்வாழ்க்கைத் தேவைகளைக் கருதியும் அமைய வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அக்குழுவின் முன் சான்றளித்த பண்டித ரமாபாய் வலியுறுத்தியது பெண் ஆசிரியர்களும் பெண் மேற்பார்வையாளர்களும் தேவை என்பதாகும். மறு ஆண்டிலேயே (1883) காதம்பினி பாசு, சந்திரமுகி பாசு ஆகிய இருவரும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றனர். பெண்ணுக்கு எளிய பாடம் போதும் என்ற கருத்துக்கு அப்பட்டங்களே மறுப்பாக அமைந்தன எனலாம்.

எனினும் தனிப்பாடத்திட்டக் கருத்து மேலும் எண்பது ஆண்டுகள் நீடித்தது. ஹன்சா மேத்தா தலைமையிலான குழு (1962-64) பால் அடிப்படையில் பாடத்திட்டத்தை வேறுபடுத்துதல் கூடாது எனக் கூறியது. கோத்தாரிக் கல்விக்குழு (1964-66) அதனை ஏற்றது. ஒரே பாடத்தைப் படித்து ஒரே தேர்வை எழுதும் நிலை வந்த பின்னரே, ஆண் பெண் அடைவினை ஒப்பிடுவதற்கு உரிய அடிப்படை அமைந்தது. அதன்பின் வந்த தலைமுறைகளில் பள்ளி இறுதித் தேர்வுகளில் மாணவியரின் தேர்ச்சி வீதம் மாணவரினும் மிகுந்து காணப்படுவது பல மாநிலங்களில் வழக்கமாகிவிட்டது. உயர்கல்விச் சேர்க்கையிலும், அனைத்திந்திய உயர்கல்வி ஆய்வின்படி 2021-22-இல் பெண்களின் மொத்தச் சேர்க்கை வீதம் 28.5, ஆண்களின் வீதம் 28.3.

இப்புதிய எண்களையும் அளவறிந்தே கொள்ளவேண்டும். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் மாணவியர்க்கென 2018-இல் கூடுதல் இடங்கள் ஏற்படுத்த நேர்ந்தது, சேர்க்கையின் சமநிலை எல்லாத் துறைகளுக்கும் பரவவில்லை என்பதைக் காட்டும். 2011-இல் கேரளத்தில் ஆண்கள் 96, பெண்கள் 92 விழுக்காடு எழுத்தறிவு பெற்றிருக்க, இராசசுத்தானத்தில் அவ்வீதங்கள் முறையே 79, 52 ஆக இருந்தன. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், பேத்தி பட்டதாரியாகவும் பாட்டி தற்குறியாகவும் ஒரே வீட்டில் வாழ்கின்றனர்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. மன்றோவின் கணக்கில் பெண்கள் வகுஎண்ணிலிருந்தே கழிக்கப்பட்டனர். குடிக்கணக்கில் வகுஎண்ணில் சேர்க்கப்பட்டனர். ஆனால் அவர்களுள் சிலர் பெற்றிருந்த படிப்புத்திறன், எழுதுதலோடு இணையாதபோது, சுழியாகக் கொள்ளப்பட்டது. இவ்விரு நிலைகளிலும் அளவுகோல் பள்ளி சென்ற ஆணின் கல்வியை மாதிரியாகக் கொண்டிருந்தது.

படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர் எழுத்தறிவற்றவரே என்ற விதி 2011 கணக்கெடுப்பு வரை தொடர்ந்துள்ளது. பேருந்தின் ஊர்ப்பெயரையும் மருந்துச் சீட்டின் மேலெழுத்தையும் கூட்டிப் படிக்கும் முதிய பெண்ணும், எழுத்தே அறியாத பெண்ணும் அதில் ஒரே எண்ணாகின்றனர். இருவர்க்கும் தேவைப்படும் கல்வி ஒன்றன்று. முன்னவர்க்கு வேண்டுவது கைப்பயிற்சி. பின்னவர்க்கு வேண்டுவது முதலெழுத்து. இவ்வேறுபாட்டை அறியாத திட்டம் முன்னவரை அகரத்திலிருந்து தொடங்கச் சொல்லிச் சலிப்புறச் செய்யும்.

2022-இல் தொடங்கிய நவபாரத எழுத்தறிவுத் திட்டத்தில் வயதுவந்தோர்க்கான தேர்வு படித்தல், எழுதுதல், எண்ணறிவு என மூன்று பகுதிகளாக அமைந்துள்ளது. ஆடம் வகுத்த படிநிலைகளின் கருத்து நெடுங்காலம் கழித்து ஓரளவு மீண்டுள்ளது எனலாம். ஆயின் இத்தேர்வு திட்டத்தில் சேர்ந்தோர்க்கு மட்டுமே உரியது. 2021-இல் நடைபெற வேண்டிய குடிக்கணக்கு உரிய ஆண்டில் நடைபெறாது தள்ளிப்போயிற்று. இனிவரும் கணக்கெடுப்புகளில் எழுதுதலும் படித்தலும் தனித்தனி வினாக்களாகவும், விடை கூறுபவர் அப்பெண்ணாகவும் அமையுமாயின், சமையலறையில் ஏட்டை மறைத்து வைத்துக் கற்றவர்களின் வழித்தோன்றல்கள் முதன்முறையாக உள்ளவாறு எண்ணப்படுவர். மொழிகள் ஒரு தொடராகப் பிணைத்து வைத்த இரு வினைகளைப் பிரித்துக் கேட்பது சிறு மாற்றமே. அதனால் தெளிவுறும் உண்மை சிறிதன்று.